ஏழுக்குப் பிறகு வந்த பதில்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிற உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வாரங்கள் யோசித்தேன். சின்ன விஷயம்தானே என்று நினைப்பீர்களோ என்ற தயக்கம். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு அது சின்ன விஷயமாக இல்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் எனக்குக் கல்யாணம். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். நிறுத்திய படிப்பை அவளுக்கு ஒன்றரை வயதானபோது தொடர்ந்தேன். கடைசி ஆண்டில் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பட்டம். தஞ்சாவூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். பாதி வழியில், கேஸை அணைத்தேனா என்று போன் செய்வேன். என் சுபாவம் அப்படி.

அங்கே புதிதாகத் தானியங்கி மெஷின் ஒன்று வந்திருந்தது. தட்டில் இருபது குப்பிகளை அடுக்கினால், ஒவ்வொன்றாக உறிஞ்சி எவ்வளவு உப்பு என்று அளந்துவிடும். அந்த அளவுகளைப் பதிவேட்டில் உள்ள எண்ணோடும் பெயரோடும் சேர்த்து, விவசாயியின் போனுக்கு முடிவை அனுப்பும் புரோகிராம் எழுதுவது என் வேலை. ஐந்தைந்து குப்பிகளாக வைத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது.

ஜூன் மாதம். குறுவைக்கு நாற்று விடுகிற நேரம். ஆற்றில் தண்ணீர் வராததால் எல்லாரும் போர் தண்ணீரை நம்பியிருந்தார்கள். திங்கட்கிழமை முதன்முறையாக முழுத் தட்டையும் ஓட்டி, முடிவுகளை அனுப்பினோம். மறுநாள் காலை திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"ஏம்மா, எங்க போர் தண்ணிய மாடுகூட வாயில வைக்காது. நல்ல தண்ணின்னு மெசேஜ் வந்திருக்கு. உங்க மிஷினுக்கு நாக்கு செத்துப்போச்சா?"

அதே தட்டை மறுபடி ஓட்டினோம். அதே முடிவுதான். ஆய்வகத்தை நடத்தும் சார் சிரித்தார். "ரெண்டு தடவையும் ஒன்னையே சொல்லுதுல்ல? அவரு வேற போர்ல புடிச்சிட்டு வந்திருப்பாரு. விடும்மா."

என்னால் விட முடியவில்லை. இவருக்குத் தன் தண்ணீரைத் தெரியும். தெரியாத இன்னொருவர் என் மெசேஜை நம்பி, உப்புத் தண்ணீரை நாற்றங்காலில் விட்டால்? புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தவறும் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. முடிவுப் பட்டியலில் ஒரு அளவுக்குச் சொந்தக்காரர் இல்லை. கடைசி ஒருவருக்கு அளவு இல்லை. திங்கட்கிழமையே அதைப் பார்த்தேன். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, குப்பிகள் அடுக்கும் அறையில் போய் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, என் பட்டம் போனாலும் பரவாயில்லை, அந்த நாற்று கருகக் கூடாது" என்று ஜெபித்தேன். பட்டம் போனாலும் என்று மனதாரத்தான் சொன்னேனா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம். அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை.

கண்ணைத் திறக்கும் முன்பே பதில் காதில் விழுந்தது. ஸ்டெல்லா அக்கா அடுத்த தட்டுக்கு எண் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தார். பதிவேடு எழுதுபவரும் அவர்தான். சபையில் எனக்கு முன் வரிசையில் உட்காருபவர்.

"அஞ்சு... ஆறு... ஏழு... ஒம்போது..."

"அக்கா, எட்டு?"

"எட்டு ஆவாதுடி. நான் எழுதறதே இல்ல."

"நீங்க சபைக்கு வர்றவங்கதானேக்கா!"

"ஏசப்பா மேல நம்பிக்கை இருக்கு. எட்டு மேலதான் இல்ல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முன்பு கையால் அளந்தபோது குப்பியின் எண்ணைப் பார்த்தே எழுதினார்கள், அதனால் குழப்பமில்லை. மெஷினோ இடத்தை எண்ணுகிறது. எட்டாம் இடத்தில் ஒன்பதாம் எண் குப்பி. அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் தண்ணீரின் முடிவு போயிருக்கிறது. ஐந்து குப்பிகளோடு சோதித்த எனக்கு எட்டே வரவில்லை.

சாரிடம் ஓடினேன். "திங்கக்கிழமையே கேட்டிருக்கலாம்ல?" என்றார். தலையாட்டினேன். திருத்திப் பார்த்ததில், உப்புத் தண்ணீரை நல்லது என்று நாங்கள் சொன்னது இரண்டு பேருக்கு. ஒருவர் காலையில் பேசியவர். மற்றவரை உடனே கூப்பிட்டேன்.

"வெத முளை கட்டிட்டேனே! விடிஞ்சா நாத்து விடணும்."

"அந்தத் தண்ணி வேணாங்க ஐயா. எங்க தப்புங்க, மன்னிச்சிடுங்க."

"சரிம்மா, பக்கத்து போர்ல கேட்டுக்கறேன். இப்பவாச்சும் சொன்னியே."

மூன்று வாரம் கழித்து அவர் அனுப்பிய படத்தில் நாற்று பச்சைப் பசேலென்று நின்றது. சார் என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பட்டமும் கிடைத்தது.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் கேஸை இரண்டு முறை பார்க்கிறேன். ஆனால் உறுத்துவதை உள்ளே பூட்டி வைப்பதில்லை. முதலில் அவரிடம் சொல்கிறேன், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறேன். அன்று அவர் பதில் வைத்திருந்தது பக்கத்து மேஜையில்தான். பயத்தோடு இதைப் படிக்கிறவர்களே, நீங்களும் அவரை நம்பிச் சொல்லிப் பாருங்கள்.

ஆய்வகத்தில் இப்போது எண்கள் அச்சிட்டே வருகின்றன. எட்டும் இருக்கிறது. அக்கா அதைத் தட்டில் வைக்கிறார், வாயால் மட்டும் சொல்வதில்லை. போன மாதம் போயிருந்தபோது அவர் எண்ணுவது காதில் விழுந்தது.

"ஆறு... ஏழு... ஸ்தோத்திரம்... ஒம்போது..."