நாற்காலிக்காக எழுதிய துணிக்கணக்கு

நேற்று ஒரு கடையில் பனியன் எடுத்தேன். லேபிளில் மார்பளவு ஐம்பது சென்டி என்று இருந்தது. "சுத்தளவா, பாதியா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. பனியன் கம்பெனியில் கிடந்தவன்தான் அப்படிக் கேட்பான். நாங்கள் பனியனை மேஜையில் பரப்பி, அக்குளுக்கு அக்குள் அளப்போம். அது பாதி. சுற்றளவு வேண்டுமென்றால் ரெண்டால் பெருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் புதுத்துணி வாசம் கையில் இருந்தது. வேலம்பாளையத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். எனக்கு நாள் முழுக்க நின்றே வேலை. சாயங்காலம் கால் வீங்கிச் செருப்பு ஏறாது. ஆபீஸ் ரூமில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதலாளி சொன்னார்: "ஏனுங்க மாஸ்டர், பீசுக்கு எத்தன கிராம் துணி ஆகும்ங்கற கணக்கக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க. அப்பறம் அங்கயே உக்காந்துக்கலாம்."

கம்ப்யூட்டர்மேல் எனக்கு ஆசையில்லை. நாற்காலிமேல்தான்.

படிப்பு எட்டாவது வரைக்கும். ஆபீசில் செல்வி என்று ஒரு பொண்ணு. அவிநாசியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். சாப்பாட்டு நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஃபங்ஷன் என்று ஒரு சொல். பிறகு அதற்கு ஒரு பேர். அடைப்புக்குறிக்குள், அது வாங்கிக்கொள்கிற அளவுகள். நெளிந்த அடைப்புக்குறிக்குள், செய்ய வேண்டிய வேலை. இங்கிலீஷ் எழுத்தில் 'துணி' என்று பேர் வைத்தேன். ஒற்றை விரலில் அடிக்க மூன்று நாளானது. திறந்தால் வெறும் பக்கம். மெதுவாகக் கணக்குப் போடுகிறது போல என்று நினைத்து, சோற்றைத் தின்றுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

செல்வி சிரித்தாள். "ஏனுங்ணா, எழுதி வெச்சா ஆச்சுங்களா? பேரச் சொல்லிக் கூப்புடோணும். நீங்க கூப்புடாம டேபிளுக்கு ஆளு வருமுங்களா?"

கூப்பிட்டேன். விடைக்குப் பதில் அண்டிஃபைன்டு, அதாவது ஒன்றுமில்லை, என்று வந்தது.

"ரிட்டர்ன் போடலீங்ணா. கணக்கப் போட்டு உள்ளயே வெச்சுக்குது."

"நம்ம சூப்பர்வைசர் மாதிரியாம்மா?"

"சத்தமாச் சொல்லாதீங்க."

ரிட்டர்ன் போட்டேன். எடை வந்தது. கையால் போட்ட கணக்கும் அதுவும் ஒத்துப்போயின. நாற்காலி கிடைத்தது. நாலு மாசம் கால் வீங்கவில்லை.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போனேன். அந்த வாரம் செல்விதான் கணக்குப் போட்டாள். மார்பளவை ரெண்டால் பெருக்குவதை நான் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. கால்குலேட்டரில் பழகிய கை அவளுக்கு. அவளும் ரெண்டால் பெருக்கித்தான் அளவைக் கொடுத்தாள். சின்ன ஆர்டர் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. நான் திரும்பி வந்தபோது, வேண்டியதைப் போல ரெண்டு மடங்கு துணி சாயம் ஏறி அடுக்கியிருந்தது. பாசிப் பச்சை. வேறு எந்த ஆர்டருக்கும் ஆகாத நிறம்.

முதலாளி எங்கள் ரெண்டு பேரையும் நிற்க வைத்தார். "என்ற தப்புத்தானுங்க," என்றாள் செல்வி. கண் கலங்கியிருந்தது. அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி எனக்குத்தான். நினைத்துப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"ரெண்டு உள்ள இருக்குன்னு நான் சொல்லலங்க. எழுதுனது நான்," என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. "நீங்க கட்டிங்கையே பாருங்க மாஸ்டர்," என்றார்.

மறுநாள் கட்டிங் மேஜைக்குப் போனேன். பல வருஷம் அங்கேயே நின்றேன். செல்வி ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி சேர்த்தாள்: பாதி அளவு மட்டும் போடவும். அதற்கப்புறம் யார் போட்டாலும் சரியாக வந்தது.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. செல்வி கல்யாணமாகிப் போய்விட்டாள். கடைசி நாள் கம்ப்யூட்டர்களைப் பழைய சாமான்காரர் டெம்போவில் ஏற்றினார். நானும் ஒரு கை கொடுத்தேன். நாற்காலியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

கேட்கவில்லை.