சுவருக்குப் போட்ட சோப்பு

என் மாமா கணினிக்குள் சுவர் கட்டுபவர். அம்மாவின் தம்பி. செங்கல், சிமெண்டு எதுவும் வேண்டாம். சிங்கப்பூருக்கு வடக்கே உள்ள ரெங்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் ஒரு மடிக்கணினியும் போதும். மரம், தகரம், துணி என்று எதன் மேற்பரப்பையும் அசல்போலச் செய்து, திரையில் ஓர் உருண்டைமேல் போர்த்திக் காட்டுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிவிட்டு வந்ததும் சீருடையோடு அவர் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன்.

"நெறம் மட்டும் பத்தாது பாப்பா," என்பார். எங்கே வழவழப்பு, எங்கே சொரசொரப்பு என்று கணினிக்குச் சொல்லத் தனியாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டாம். கறுப்பான இடம் மின்னும், வெள்ளையான இடம் மங்கும். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. டம்ளர், செருப்பு, பக்கத்து வீட்டுப் பூனையின் மூக்கு என்று எதையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

சிங்கப்பூர் கம்பெனி ஒன்று மாமாவுக்குப் பரீட்சை வைத்திருந்தது. மனிதர் புழங்கிய பழைய சுவர் ஒன்றைச் செய்து சனிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். தேறினால் வேலை. அவர் செய்த சுவர்களெல்லாம் பிளாஸ்டிக் தட்டு மாதிரியே வந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுத்துப்போய்த் திரையிலிருந்து திரும்பியவர், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துவிட்டார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். காலையில் நல்ல வெளிச்சத்தில் கேமராவால் ஒழுங்காக எடுக்கலாம் என்றார்.

அந்த இடம் மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. தீபாவளிக்கு வீடு முழுக்கச் சாயம் அடித்தபோதும் அம்மா அதை விட்டுவிட்டார். சாயம் பத்தவில்லை என்றார். டின்னில் பாதி மிச்சம் இருந்தது எனக்குத் தெரியும். அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம்.

எங்கள் வீட்டில் போட்டோ என்றால் முகம் கழுவி, தலை வாரி, பவுடர் பூசித்தான் நிற்க வேண்டும். சுவருக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலை அம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனதும், பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து அந்த இடத்தைத் தேய்தேய் என்று தேய்த்தேன். மாமா எழுந்து வந்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது. பாராட்டுக்காக நின்றேன்.

"அலமாக், போச்சு," என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா வந்தார். பைகளைக் கீழே வைக்காமலே சுவரைப் பார்த்தார். அடி விழும் என்று நான் முதுகை ஈரச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். விழவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. மாமாவின் வேலையைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

கைப்பேசியில் இருந்த அந்த ஒரே படத்தோடு மாமா மேசையில் உட்கார்ந்தார். நிறம் அதில் கிடைத்தது. மினுமினுப்பைக் கையால்தான் வரைய வேண்டும். மத்தியானம் அம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அங்க இல்லடா. இன்னும் கீழ. அவரு என்ன அவ்ளோ உயரமா?"

மாமா கீழே இறக்கினார்.

"எடது பக்கம் கூட்டு. டிவி பாக்கறப்ப அந்தப் பக்கந்தான் சாய்வாரு."

"இப்படியாக்கா?"

"ரொம்ப மினுக்காத லா. அவரு அளவாதான் எண்ணெ வைப்பாரு."

நாலு மணிக்கு அந்தச் சுவர் திரையில் மெல்லச் சுழன்றது. அம்மா விரலை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

மாமாவுக்கு வேலை கிடைத்தது. இன்று எனக்கும் அதே தொழில்தான். ஆனால் அன்று என் வியப்பெல்லாம் வேறு. மவுஸைக்கூடப் பிடிக்கத் தெரியாத அம்மா இதையெல்லாம் எப்போது படித்தார்? எங்கள் ஊரின் வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக, எங்கள் அம்மாவுக்கும் கம்ப்யூட்டர் தெரியும் என்று தோழியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.