அத்தாவின் கையில் இருந்தது காய்ப்பு அல்ல

என் அத்தா கிதர் முகம்மது பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் முப்பத்தாறு வருடம் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். உப்புப் போட்ட ஆட்டுத்தோலை மேசையில் விரித்துக் கையால் ஒரு முறை தடவுவார். "இது பொறப்புலயே மெல்லிசு. இது முள்வேலி கிழிச்சது. இது உரிச்சவன் கத்தி." ஒரு தோலின் குறைகளுக்கு யார் யார் பொறுப்பு என்று பிரித்துவிடுவார். தவறியதில்லை. தன் கையை மட்டும் அவர் அப்படிப் பார்க்கவில்லை.

இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளின் மேல் புளியங்கொட்டை அளவில் கட்டிகள். இருபது வருடமாக. கேட்டால், "காய்ப்பும்மா. உப்பும் தோலும் செஞ்ச வேலை" என்பார். மண்டியில் மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கோயம்புத்தூரில் ரத்தப் பரிசோதனை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர். கொழுப்பின் அளவை இயந்திரம் கொஞ்சம் கூட்டிக் காட்டினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அத்தாவைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். விட்டுவிட்டேன்.

ஐம்பத்தெட்டு வயதில் மண்டி மேசையிலேயே சாய்ந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே டாக்டர் அவர் கையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"உங்க அப்பாவுக்கு இருக்கறது காய்ப்பு இல்ல. ரத்தத்துல இருக்கற கொழுப்பு இப்படிப் படிஞ்சிருக்கு. பரம்பரையா வர்றது. பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டெஸ்ட் எடுத்துருங்க."

மறுவாரமே எடுத்தேன். எனக்கு இல்லை. தம்பி ஃபாரிஸ் எடுக்கவில்லை. இருபத்தொன்பது வயது, செல்போன் கடை வைத்திருக்கிறான். கடையில் ஆளில்லை என்றான். இன்னொரு நாள் வெள்ளிக்கிழமை என்றான். பிறகு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும் என்றான். எங்கள் அம்மா உம்மு சல்மாவும் அவன் பக்கம்.

"உங்க அத்தா வாரத்துல நாலு நாள் கறி தின்னாரு. அதான் வந்துச்சு. புள்ள என்ன பண்ணுனான்?"

"எதுத்த வீட்டு ரஹ்மத்துல்லா மாமாவும் அம்புட்டுத்தான் திங்கிறாரு. எழுபத்தாறு வயசு. இன்னும் சைக்கிள் மிதிக்கிறாரே?"

"அவரு மேல கண்ணு வைக்காத" என்று பேச்சை முடித்துவிட்டார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஊருக்குப் போனேன். தொழுகைக்கு முன் ஃபாரிஸ் குழாயடியில் ஒளு செய்துகொண்டிருந்தான். கைலியைத் தூக்கிக் காலைக் கழுவும்போது பின்னாலிருந்து பார்த்தேன். குதிகாலுக்கு மேலே தடித்திருந்தது.

"இது என்னடா?"

"செருப்புக் கடி."

"ரெண்டு கால்லயும் ஒரே இடத்துலயா?"

"காய்ப்புக்கா. அத்தாவுக்கு இல்லையா, அது மாதிரி."

"அத்தா மண்டியில நின்னாரு. நீ எந்த மண்டியில நின்ன? ஏசியில உக்காந்து போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டிருக்க."

காலைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டான். பிறகு சத்தம் போட்டான்.

"சரி, இருக்குன்னே வையி. ரத்தத்துலயே இருக்குன்னா தெரிஞ்சு என்ன கிழிக்கப்போறேன்?"

"மாத்திரை இருக்கு."

"அத்தாவுக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப ஏன்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். நான் குழாயை மூடினேன். அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் குனிந்து அவன் கைலியை விலக்கி, அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போ. வரலைன்னா இழுத்துட்டுப் போ" என்றார் என்னிடம்.

ஃபாரிஸுக்குக் கெட்ட கொழுப்பு 284; நூறைத் தாண்டக் கூடாது. ஆயுள் முழுக்க மாத்திரை. "ஒரு மாசம் சாப்ட்டுப் பாக்குறேன்" என்றான். அத்தாவின் குரல், அத்தா சொல்லை இழுத்துப் பேசுகிற அதே விதம். இந்தப் பிடிவாதம் ரத்தத்தில் வந்ததா, பார்த்து வளர்ந்ததா என்று எந்த இயந்திரமும் சொல்லாது. எனக்கும் அது உண்டு.

தினமும் காலை பத்து மணிக்கு வீடியோ கால் போடுகிறேன்.

"முழுங்கிட்டேன்கா."

"வாயைத் திற."

"கஸ்டமர் நிக்கிறாங்கக்கா."

"நிக்கட்டும். நாக்கைத் தூக்கு."

தூக்குகிறான்.