கஜானி தானே தெரிவுசெய்த பாடம்

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கஜானிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் கரும்பலகையின் ஓரங்கள் மறைந்தன. பிறகு புத்தகம், கடைசியில் தாயின் முகம். விழித்திரை நோய், மருந்தில்லை என்று வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். உடுப்பிட்டியில் வெங்காயம் பயிர் செய்கிற அருளம்பலத்தின் ஒரே மகள் அவள். "இனி வீட்டோடை இருக்கட்டும்" என்றார்கள் சொந்தக்காரர். அவளோ தான் சொல்லச் சொல்ல எழுத ஒருவரை வைத்துக்கொண்டு பரீட்சை எடுத்து, பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்குத் துணை கைபேசிதான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலொன்று அதில் இருந்தது. மற்றவர்களுக்கு இரைச்சலாகக் கேட்கும் வேகத்தில் அதை ஓடவிட்டுப் பாடங்களைப் படித்தாள். ஆனால் பல்கலைக்கழக இணையத்தளத்துக்குள் போனால் அந்தக் குரல் தடுமாறும். அறிவித்தலைப் படமாகப் பிடித்துப் போட்டிருப்பார்கள். குரல் "படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் என்றால் இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, காதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும்.

அதனால் இரண்டாம் வருடப் பாடப் பதிவைச் சிநேகிதி மதுராதான் செய்து கொடுத்தாள். கஜானி கேட்டது புள்ளிவிபரவியல். வகுப்பில் பெயர் கூப்பிட்டபோதுதான் தன்னை இந்து நாகரிகப் பாடத்தில் போட்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. "புள்ளிவிபரத்திலை வரைபடமெல்லாம் வருமெடி. உனக்குச் சுகமாயிருக்கட்டும் எண்டுதான்" என்றாள் மதுரா. மாற்றுவதற்குக் காலம் கடந்துவிட்டது. மதுராவோடு அவள் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் இனி எதையும் தன் கையாலேயே செய்வது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருடச் சிறப்புக் கற்கைக்கான பதிவு தொடங்கியது. உளவியலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் பின்னேரம் நாலு மணியோடு தளம் மூடப்படும். பதிவு தொடங்கிய நாளிலிருந்தே முயன்றாள். புதிதாக மாற்றப்பட்டிருந்த தளத்தில் குரல் சொன்னதெல்லாம் "பொத்தான். பொத்தான். பொத்தான்." எது எதற்கென்று தெரியாது. அதைத் தாண்டினால், படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச் சொன்னது. தடவித் தடவி நிற்கும்போதே நேரம் முடிந்துவிட்டதென்று வெளியே தள்ளியது.

"மதுராவைக் கூப்பிடட்டே பிள்ளை?" என்று கடைசி நாள் மத்தியானம் தாய் செல்வநாயகி கேட்டாள்.

"வேண்டாம் அம்மா. நான் கம்பசுக்குப் போறன்."

மினிபஸ் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது. இணையத்தளப் பிரிவில் செந்தூரன் என்ற அலுவலர் மட்டும் இருந்தான். தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கடவுச்சொல்லைச் சொல்லுங்கோ தங்கச்சி, ஒரு நிமிசத்திலை நான் போட்டு விடுறன்" என்றான்.

"போன வருசமும் அப்பிடித்தான் அண்ணை ஒராள் போட்டது. நான் படிச்சது வேறை பாடம்."

செந்தூரன் சலித்துக்கொண்டே தன் மேலதிகாரி தேவராசாவுக்கு அழைப்பெடுத்தான். கொழும்பில் கூட்டமொன்றில் இருந்தவர் இரண்டே வசனத்தில் முடித்துவிட்டார். "இப்ப எல்லாரும் தளத்துக்குள்ளை நிக்கிறாங்கள். நாலு மணி வரைக்கும் ஒண்டிலும் கை வையாதை."

"கேட்டனீங்கள்தானே?" என்றான் செந்தூரன்.

கஜானி எழும்பவில்லை. கைபேசியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, மறுபடி தளத்துக்குள் போனாள். "பொத்தான்" என்றது குரல். விரலை நகர்த்தினாள். "பொத்தான்." இதுதான் அடுத்த பக்கத்துக்குப் போவதாக்கும் என்று எண்ணி அழுத்தப் போனாள்.

"ஐயோ, அமத்தாதையுங்கோ!" செந்தூரன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அது பதிவே வேண்டாமெண்டு விலகிற பொத்தான்!"

பிறகு, தேவராசா சொன்னதையும் மீறி, கதிரையை இழுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் அமர்ந்தான்.

பொத்தான் ஒவ்வொன்றுக்கும் குரல் வாசிக்கத்தக்க பெயர் கொடுத்தான். படத்தை எடுத்துவிட்டு, கைபேசிக்குக் குறுஞ்செய்தியில் இலக்கம் வருமாறு மாற்றினான். சேமித்த மறுகணமே தளம் வெறும் வெள்ளையாகிப்போனது. மேசையிலிருந்த தொலைபேசியும் அவனுடைய கைபேசியும் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. வாசலில் இரண்டு மூன்று மாணவர்கள் வந்து, "சேர், ஒண்டும் வருதில்லை" என்று கத்தினார்கள்.

தன் ஒருத்தியால் எத்தனை பேருடைய பதிவு கெட்டுப்போகப் போகிறதோ என்று கஜானி பயந்தாள். "அண்ணை, பழையபடி மாத்தி விடுங்கோ. நான் கடவுச்சொல்லைச் சொல்லுறன்" என்றாள்.

"இப்ப என்னோடை கதையாதையுங்கோ."

விசைகள் படபடவென்று விழுவதும் நிற்பதும் மட்டும் அவளுக்குக் கேட்டது. பிறகு அவன் தனக்குள் ஏதோ திட்டினான். அவன் எழுதிய நிரலில் ஓரிடத்தில் மேற்கோள் குறி ஒன்று விடுபட்டிருந்தது. அதைப் போட்டதும் தளம் எழும்பிவிட்டது. "கெதியாப் போங்கோ. கொஞ்ச நேரந்தான் கிடக்கு" என்றான்.

இம்முறை குரல் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனது. இலக்கம் வந்தது, தட்டினாள். பாடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உளவியலில் நின்றாள். தெரிவுசெய்தாள். "உறுதிசெய்" என்றது. அழுத்தினாள். குரல் நின்றுபோயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது."

முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டாள். செந்தூரன் அதைக் கவனிக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்து, "ஓம், இப்ப சரி, இப்ப சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

தளம் விழுந்ததால் பதிவுக்காலத்தை மறுநாளும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. சொல்வழி கேளாததற்கு விளக்கம் எழுதித் தரும்படி செந்தூரனைக் கேட்டார்கள். அதை அறிந்த கஜானி, தேவராசா திரும்பிவந்த அன்றே அவரிடம் போனாள். "எனக்காகத்தான் சேர் அவர் செய்தவர்" என்றாள்.

அவர் சிடுசிடுத்தார். "உங்களை மாதிரி எத்தினை பேர் இருக்கினம்?"

"எங்கடை பீடத்திலை நாலு பேர். மத்தப் பீடங்களிலை தெரியாது சேர்."

விளக்கக் கடிதத்தைத் தேவராசா கைவிடவில்லை. செந்தூரன் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவன் செய்த மாற்றத்தை யாரும் திருப்பவில்லை. அடுத்த மாதம் பரீட்சை விண்ணப்பப் பக்கம் தயாரானபோது, வெளியிடுவதற்கு முன்பு அந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னவர் தேவராசாதான். கஜானி மூன்று இடங்களில் பிழை பிடித்தாள். இரண்டைத் திருத்தினார்கள். மூன்றாவதைப் பற்றி இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.