பத்தாவது பெயர்

ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று நான் வாசிக்கிற பெயர்கள் பொய். இருபத்து மூன்று பெயர்களில் முதல் ஒன்பதுதான் மெய். மீதிப் பதினான்கும் நானாகக் கட்டியவை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது. என் வீட்டாரிடம் போய் நீங்கள் வத்தி வைக்கப்போவதில்லை. அவ்வளவுதான் காரணம். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் பெயர் மைதீன். விருதுநகரில் பழைய பேப்பர் வியாபாரம். அச்சகக் கழிவு, பள்ளிக்கூட நோட்டு, ஆபீஸ் ஃபைல் எல்லாம் என் கிட்டங்கிக்கு வரும். பாதி ஆலைக்குப் போகும். கெட்டித் தாளாக இருந்தால் நாரணாபுரம் பக்கம் போகும். அங்கே வெடிக்குழாய் சுற்றுவார்கள். நீங்கள் தீபாவளிக்குக் கொளுத்தி, மறுநாள் வாசலில் கூட்டித் தள்ளுகிறீர்களே, அந்தத் தாள்தான்.

எங்கள் முன்னோர் ஒருவர் கப்பல்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். வெள்ளைக்காரக் கும்பெனி இங்கே காலை ஊன்றி உட்கார்ந்த சமயம். ராமநாதபுரக் கரையிலிருந்து துணிப்பொதியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு மலாக்கா பக்கம் போகிற பாய்மரக் கப்பல் அவருடையது. ஒரு பயணத்தில் பொதி அளவுக்கு மிஞ்சிவிட்டது. மாலுமிகள் வேண்டாம் என்றார்களாம். "ஏத்துங்கலே, பாத்துக்கலாம்" என்றாராம் இவர். நாலாம் நாள் புயல் பிடித்தது, கப்பல் பிளந்தது. இருபத்து மூன்று பேர் போய்விட்டார்கள். 'ஏத்துங்கலே' என்று சொன்னவர் மட்டும் ஒடிந்த பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்!

அதன்பின் அவர் கடலைப் பார்க்கவே இல்லை. உப்புக்காற்று அடிக்காத ஊராகத் தேடி இந்தக் கரிசல் பூமிக்கு வந்தார். வந்ததும் செய்த முதல் காரியம், போனவர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதியது. தமிழ்தான், எழுத்து மட்டும் அரபு. எங்களவர்கள் அந்நாளில் அப்படித்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு பெயரோடும் ஒரு வரி… அவருக்குக் கப்பலில் என்ன வேலை, கடைசியாக அவரை எந்த நிலையில் கண்டது என்று. தன் வம்சம் உள்ளவரை ரஜப் மாதத்தில் ஒருநாள் இந்தப் பெயர்களை வாய்விட்டு வாசித்து, யாசீன் ஓதி, நெய்ச்சோறு கொடுக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டார். தன்னால் செத்தவர்கள் அல்லவா? ஆளில்லாத அனாதைகளும் அவர்களில் உண்டாம். அவர்கள் பெயரை வேறு யார் சொல்வார்கள்?

தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். என் தகப்பனார், எங்கள் அத்தா, சொன்னார். அந்த எழுத்தை எனக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் வாசிக்கும்போது என் கவனமெல்லாம் நெய்ச்சோற்றுத் தேக்சாவின் மேல்தான் இருக்கும். ஏழெட்டுப் பெயர் தாண்டினாலே பசி வந்துவிடும். மவுத்தாவதற்கு முந்திய மாதம் அத்தா என்னைக் கூப்பிட்டு, "தாளு ஓரமெல்லாம் பொடியுதுப்பா. ஒரு நகல் எடுத்து வச்சுக்க" என்றார். "ஆகட்டும்த்தா" என்றேன்.

ஆகட்டும்! அந்த ஒரு சொல்லை வைத்தே என் ஆயுளை ஓட்டிவிட்டேன்…

நகல் எடுக்கவில்லை. பிரித்துப் பார்க்கவும் இல்லை. துணி அட்டை போட்ட ஒரு பழைய நோட்டுக்குள் அத்தா அதைச் செருகி வைத்திருந்தார். அந்த நோட்டு அவருடைய தகரப்பெட்டியில் இருந்தது. பெட்டி என் கிட்டங்கியில் இருந்தது. சீசன் நேரம். கெட்டித் தாளுக்கு அடிபிடி. நாரணாபுரத்துக்கு ஒரு லோடு அனுப்பவேண்டும், நாலு மூட்டை குறைந்தது. பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை அள்ளிச் சாக்கில் திணித்தது வேறு யாருமில்லை, நான்தான். "அந்தக் காலத்துத் தாளு, குழாய் கல்லு மாதிரி நிக்கும்" என்று லோடு ஏற்ற வந்தவரிடம் பீற்றிக்கொண்டேன்.

அத்தா இல்லாத முதல் ரஜப். பிறை கண்டதும் என் தங்கை கேட்டாள். "காகிதத்த எடுத்து வச்சிட்டியாண்ணே?" அப்போதுதான் அத்தாவின் பெட்டி நினைவுக்கு வந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் பறந்தேன். அங்கே வீட்டில் வைத்துக் குழாய் சுற்றுகிற மாரியம்மாளிடம்தான் அந்தச் சாக்கு போயிருந்தது. "பூச்சி பூச்சியா எழுதியிருந்துச்சே, அந்தத் தாளா பாய்? அருமையாச் சுத்த வந்துச்சு. முந்தாநேத்தே கம்பெனிக்குப் போயிருச்சே. முக்கியமான காகிதமா?" என்றாள். "சும்மாதான் கேட்டேன்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்பெனில கேட்டுப் பாருங்க. மருந்து அடைக்காத குழாய் அம்புட்டும் அங்கனதான் கெடக்கும்" என்றாள்.

கவனித்தீர்களா? வழி இருந்தது! பத்து நிமிட வழி. நான் போகவில்லை. பழைய பேப்பர்க்கார மைதீன் தன் வீட்டுக் காகிதத்தையே எடைக்குப் போட்டுவிட்டுத் தேடி அலைகிறான் என்று ஊரெல்லாம் சிரிக்குமே என்று வண்டியைத் திருப்பிவிட்டேன். இதற்கு மேலும் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டுமா…

இன்னும் இருக்கிறது, கேளுங்கள்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில் ஒன்பது பெயர் வந்தது. அதற்குமேல் வரவில்லை. அச்சுப்பிழையாகிக் கழிவுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகள் என் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவற்றைப் புரட்டிப் புரட்டி, எங்களவர் மாப்பிள்ளைகளின் பெயர்களாகப் பதினான்கு பொறுக்கினேன். புதுமாப்பிள்ளைகளைக் கொண்டுபோய் நடுக்கடலில் மூழ்கடித்தேன்! பெயர் மட்டும் போதாதே, வரியும் வேண்டுமே? அதையும் எழுதினேன். பத்தாவதாக 'செய்யது யூசுப், சமையற்காரர். பயந்து அழுதவர்களுக்குக் கலிமா சொல்லிக்கொடுத்தபடி போனவர்' என்று ஒரு வரி. நானே கட்டிய பொய்க்கு நானே அழுதேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் பொடிகிறது, பேங்கு லாக்கரில் வைத்துவிட்டேன், இது நகல் என்று சொல்லி வாசித்தேன். எனக்குக் குரல் நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. கூடமே விசும்பியது. ஒவ்வொரு பெயருக்கும் ஆமீன் சொன்னார்கள். தங்கை மகள் ஜமீலா அப்போது உண்டாகியிருந்தாள். பிள்ளை பிறந்ததும் யூசுப் என்று பெயர் வைத்தாள். கடலில் உயிர்விட்டுச் சஹீதானவர் பெயராம். என் மடியில் கிடத்தி, அவன் காதில் அந்தப் பெயரை என்னையே சொல்ல வைத்தார்கள். சொன்னேன்.

இரண்டு வருடம் போனது. ஒருநாள் பகல், கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். சேகனா என்று பெயர், எழுபது தாண்டியிருக்கும். பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கத் திருத்தங்கல் வந்தவரிடம், அச்சகத்தில் யாரோ எங்கள் வீட்டு ரஜப் வாசிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, எங்க ஊருல எங்க வீட்டுக்கு 'ஓடுனவன் வீடு'ன்னு பேரு. அந்தக் கப்பல்ல சுக்கான் புடிச்சவரு எங்க முப்பாட்டனாரு. கப்பல் சாயையில சின்னப் படகை அவுத்துக்கிட்டு ஓடிட்டாருன்னு அன்னையிலேருந்து சொல்லிக்கிட்டு வாராக. அவரு போயிருக்க மாட்டாருன்னு எங்க வாப்பா சொல்லிச் சொல்லியே மவுத்தாப் போனாக. பேரு மீரான் பிச்சை. ஒங்க காகிதத்துல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இருந்தா ஒரு ஜெராக்ஸ் குடுங்க, எங்க ஜமாஅத்துல காட்டிட்டு நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

நான் உள்ளே போனேன். பீரோவைத் திறக்கிற சத்தம் வெளியே கேட்கும்படி திறந்தேன். சும்மா நின்றேன். மூடினேன். வெளியே வந்து, "இல்லைங்க" என்றேன்.

எனக்குத்தான் பெயர்கள் நினைவில்லையே, நான் என்ன செய்வேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். உங்களிடமும் அப்படியே சொல்லிவிட்டு நழுவலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்… இல்லை. பொய். அவர் அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது! ஒன்பதாவது பெயர் முடிந்ததும் அத்தா ஒரு நொடி நிறுத்துவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்வார்: "மீரான் பிச்சை, சுக்கானி, எல்லாரும் குதித்தபோதும் சுக்கானை விடாதவர்." கல்லில் வெட்டினாற்போல் அப்படியே நினைவு வந்தது. வாசலில் அவர் நிற்கும்போதே வந்தது.

இருக்கிறது என்று சொன்னால் அசலைக் கேட்பார். அசலுக்கு எங்கே போவேன்? அந்த ஒரு பயம். என் பவிசு காப்பாற்றப்பட வேண்டும், அதற்காக ஒரு நல்ல மனிதர் இருநூறு வருடமாக ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நல்லாப் பாத்தீகளா தம்பி?"

"பாத்துட்டேங்க."

அவர் கிட்டே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்ப ஊரு சொன்னது நெசந்தான். எங்க ஆளு செஞ்சதுக்கு ஒங்க வீட்டுக்கிட்ட நான் மாப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். என்னிடம்! பொதியை ஏற்றியவன் வம்சத்திடம், சுக்கானை விடாதவன் வம்சம் மன்னிப்புக் கேட்டது. நான் கையை உருவிக்கொள்ளவும் இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடுங்க" என்று பெரிய மனசுக்காரன்போல் சொல்லி அனுப்பினேன்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், இறங்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு தொழுகையிலும் அந்தப் பெயர் குறுக்கே வந்து நின்றது. கடைசியில் பஸ் ஏறி அந்தக் கடற்கரை ஊருக்குப் போனேன். 'ஓடுனவன் வீடு' என்று கேட்டதும் சின்னப்பிள்ளைகூட வழி காட்டியது.

அவர் மகள்தான் கதவைத் திறந்தாள். அந்தக் கரையில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். "வாப்பா மவுத்தாயி ஆறு மாசம் ஆச்சு காக்கா. விருதுநகரு போயிட்டு வந்ததுலேருந்து பேச்சே கொறஞ்சு போச்சு. முந்தியெல்லாம் யாரும் 'ஓடுனவன் வீடு'ன்னு சொன்னா சண்டைக்குப் போவாக. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவாக. வருசா வருசம் அந்தப் பெரியவருக்கு ஓதுற பாத்திஹாவையும் நிப்பாட்டச் சொல்லிட்டாக" என்றாள். நான் யார் என்று கேட்டாள். அவருக்குப் பழக்கம், அச்சகத்தில் பார்த்தது என்றேன். சாப்பிடச் சொன்னாள். மீன் குழம்பு. அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன காட்டுவேன்? காகிதம் வெடித்துப் போய் மூன்று நான்கு தீபாவளி ஆகிவிட்டது.

மீரான் பிச்சையின் பெயரை இப்போது இந்த உலகத்தில் யாரும் ஓதுவதில்லை. நான் ஒருவன்தான் மிச்சம். சரி, மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், பத்தாவதை மட்டுமாவது திருத்திவிடுவோம் என்று துணிந்தேன். போன ரஜப்பில் காகிதத்தில் யூசுப்பை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மெய்ப்பெயரை எழுதினேன்.

கூடம் நிறைய ஆட்கள். ஒன்பது பெயர் முடிந்தது. அத்தாவைப்போல் நானும் நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

"மீரான் பிச்சை, சுக்கானி…"

ஆமீன் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜமீலா, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, முக்காட்டுக்குள் சிரித்தாள். "மாமா, மாத்தி வாசிக்கிறீக! இங்கன செய்யது யூசுப்புல்ல வரும்? எங்களுக்கே மனப்பாடமாயிருச்சு, நீங்க மறந்துட்டீகளே!" எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை தன் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து என்னையே பார்த்தான்.

அதுதான் வாய்ப்பு. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தது…

"ஆமாம்மா, கண்ணு சரியாத் தெரியல" என்றேன். "செய்யது யூசுப், சமையற்காரர், பயந்து அழுதவர்களுக்குக் கலிமா சொல்லிக்கொடுத்தபடி போனவர்."

ஆமீன் என்றார்கள். நானும் சொன்னேன்.