மீசை விவாதமும் மீன் மூலையும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நான் டிவியில் வந்தேன்.

பார்த்தீர்களா? பார்த்தவர்கள் பெரிய மனது பண்ணி மறந்துவிடுங்கள். பார்க்காதவர்கள்... உங்கள் வீட்டில் அன்று கரண்ட் இல்லையா, இல்லை புத்தி இருந்ததா தெரியவில்லை. எதுவானாலும் வாழ்க.

விஷயம் இதுதான். ஒரு பெரிய நடிகர் ஏர்போர்ட்டில் மீசை இல்லாமல் நடந்து போனார். அவ்வளவுதான். ஆனால் அவர் மீசையை எடுத்தது அரசியலுக்கு வருவதற்கான அறிகுறியா, வராமல் இருப்பதற்கான அறிகுறியா என்று நாட்டுக்கு உடனே தெரிந்தாக வேண்டுமே! ஒரு மணி நேரம், நேரலை விவாதம். ஓர் அரசியல் விமர்சகர், ஒரு ஜோசியர், ஒரு ஹேர் ஸ்டைலிஸ்ட், கடைசி நாற்காலியில் நான். என் பெயருக்குக் கீழே 'சமூகப் பார்வையாளர்' என்று போட்டிருந்தார்கள். அது உண்மைதான். பால்கனியில் நின்று தெருவைப் பார்ப்பதுதான் எனக்கு முழுநேர வேலை.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சிக்கல் என்னவென்றால், அதே ஞாயிறு, அதே ஆறு மணிக்கு நான் வேறு ஓர் இடத்தில் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாடம்பாக்கத்தில் எங்கள் காலனி முனையில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், அஞ்சலை அக்கா மீன் விற்கிறார். கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பம் அவருக்கு ஊர். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியோடு இரண்டு வண்டி மாறி, எட்டு மணிக்கெல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார். பதினோரு வருடமாக அதே மூலை. எங்கள் காலனியில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யாருக்கு டாக்டர் எண்ணெய் கூடாது என்று சொல்லிவிட்டார் எல்லாம் வஞ்சிரத்தின் எடையை வைத்தே சொல்லிவிடுவார்.

அந்த மூலைக்கு நேர் எதிரில் இப்போது ஒரு கேட்டட் கம்யூனிட்டி எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு இத்தாலி நாட்டு ஊர் ஒன்றின் பெயர். நீச்சல் குளம், யோகா மண்டபம், நாய்கள் நடக்கத் தனிப் பாதை எல்லாம் உண்டு. முகப்பில் ஒரு பெரிய ஆர்ச். அந்த ஆர்ச்சுக்கு எதிரே மீன் கூடை இருந்தால் இத்தாலிக்கு இழுக்கு அல்லவா? நாற்றம், நெரிசல் என்று பில்டர் ஒரு மனு போட்டார். அந்த மூலையில் தன் செலவிலேயே புல்தரை போட்டு, செடி வைத்து, அழகு செய்து தருகிறாராம். வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் மக்கள் கருத்துக் கேட்டு முடிவெடுப்பதாக ஏற்பாடு. இடம், சமுதாயக் கூடம். நேரம், ஞாயிறு மாலை ஆறு.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, நான் சங்கரா மீன் வாங்கப் போனபோது அஞ்சலை அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், நீ பேப்பர்ல எழுதுறவன். நீ எழுந்து ரெண்டு வார்த்த பேசினா கேப்பாங்க. இந்த எடம் பூட்ச்சின்னா, நான் கூடைய தலைல வச்சிகினு தெருத் தெருவா சுத்தணும். முட்டி இன்னா கதில கீது தெரியுமா? மாடிப்படி கண்டாலே அழுவுது."

"நான் இருக்கேன் அக்கா. வந்து பேசறேன்."

"கண்டிசனா வருவியா?"

"கண்டிப்பா வருவேன்."

அப்போதே அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்கள் மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை டிவியிலிருந்து போன் வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்? "மன்னிக்கணும், அன்று எனக்கு ஒரு முக்கியமான கூட்டம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "எந்தக் கலர் சட்டை போட்டா கேமராவுக்கு நல்லா இருக்கும்?"

என் மனைவி பத்மா கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு அஞ்சலைக்காகப் பேசறேன்னு சொன்னீங்களே?"

"டிவியிலயே பேசிடறேன் பத்மா. சமுதாயக் கூடத்துல ஐம்பது பேர் கேப்பாங்க. இது தமிழ்நாடே கேக்கும்."

"மீசையைப் பத்திப் பேசறப்ப மீனைப் பத்தியா?"

"நடுவுல நுழைச்சிடுவேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் எதை நடுவில் நுழைத்து வென்றிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

இத்தோடு விட்டேனா? காலனி வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பும் போட்டேன். 'ஞாயிறு மாலை சரியாக ஆறு மணிக்கு அடியேனைத் திரையில் காணலாம்.' கூடவே கும்பிடும் கை மூன்று. ஐந்து நிமிடத்தில் வாழ்த்து குவிந்தது. கூட்டத்துக்கான அறிவிப்பும் அதே குரூப்பில்தான் இருந்தது. கட்டைவிரல்களுக்கும் பூங்கொத்துகளுக்கும் அடியில் அது எங்கோ புதைந்து போனது.

எங்கள் காலனியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள், அல்லது முன்னாள் மாதச் சம்பளக்காரர்கள். பார்க்கில் தினமும் காலையில் நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைப் பற்றிக் கவலைப்படுவோம். நலச்சங்கச் செயலாளர் ஜெயராமன் சார்தான் தினமும் முடித்து வைப்பார். "யார் வந்தாலும் ஒண்ணும் மாறாது சார். எல்லாம் பணக்காரன் கையில. நம்ம ஓட்டுக்கு என்ன மரியாதை?"

ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டுவோம். நானும்தான். அந்தச் சலிப்பில் ஒரு சுகம் இருக்கிறது தெரியுமா? ஒன்றும் மாறாது என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய வேண்டாம். நேரே டிபன் சாப்பிடப் போய்விடலாம்.

அந்த பெஞ்ச் யார் கொடுத்தது என்கிறீர்கள்? அதே பில்டர்தான். சாய்கிற பலகையில் கம்பெனி பெயர் பெரிதாகப் பொறித்திருக்கும். பணக்காரர்களை நாங்கள் திட்டுகிறபோதெல்லாம் அந்தப் பெயர் எங்கள் முதுகுக்கு இதமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருவோம்.

முகத்துக்கு பவுடர் போட்டு, காலரில் மைக் குத்தி உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு காபி மக். ஒரு பெண் வந்து, "சார், மக்கோட கைப்பிடி உங்க லெஃப்ட்ல இருக்கட்டும்" என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார். சரியென்று நானும் ஒவ்வொரு முறை குடித்த பிறகும் ஒழுங்காக அதே மாதிரி வைத்தேன். வகுப்பில் நல்ல பெயர் வாங்கும் பையன் மாதிரி.

விவாதம் சூடு பிடித்தது. மீசை எடுத்தால் சனி விலகும் என்றார் ஜோசியர். மீசை வைத்தவர்கள் எல்லாம் என்ன கிழித்துவிட்டார்கள் என்றார் விமர்சகர். நான்கு வாரத்தில் மறுபடி வளர்ந்துவிடும் என்று ஹேர் ஸ்டைலிஸ்ட் சொன்னார். அன்று மாலை அங்கே சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். அவரை அடுத்த கேள்வி கேட்கவில்லை.

விளம்பர இடைவேளையில் நெறியாளரிடம் மெதுவாகச் சொன்னேன். "எங்க ஏரியாவுல ஒரு மீன்காரம்மா பிரச்சினை. ஒரு பில்டர் அவங்களை..."

"ஐயோ சார்!" என்று சிரித்தபடி அவர் என் மக்கைக் கண்ணால் காட்டினார்.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடி லெஃப்டில் இருந்தால் கேமராவைப் பார்த்து எது இருக்கும்? அதே இத்தாலி ஊர். அதே ஆர்ச். 'இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குபவர்கள்...'

அரை மணி நேரமாக தமிழ்நாட்டுக்கு அந்த ஆர்ச்சைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறேன்!

பிறகென்ன? வீராவேசமாக எழுந்து மைக்கைக் கழற்றி எறிந்தேன் என்று எழுதத்தான் ஆசை. பத்மாவும் இந்தப் பத்தியைப் படிப்பாள். மக்கை வலதுபுறம் திருப்பி வைத்தேன். அதுதான் என் புரட்சி. இடைவேளை முடிவதற்குள் அந்தப் பெண் வந்து மறுபடி இடதுபுறம் திருப்பிவிட்டுப் போய்விட்டார்.

திங்கள் காலை பார்க்குக்கே போக வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் ஜெயராமன் சார் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பிரமாதம் சார்! மொத்தக் காலனியும் பாத்தோம். ஒருத்தர் வெளில வரலையே! என் போன்ல ஏழு மிஸ்டு கால், சைலன்ட்ல போட்டுட்டு உங்களைத்தான் பாத்தேன்." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வருத்தம்தான். அந்த லெட்டரைக் கூட்டத்துல படிக்க முடியாமப் போச்சு."

"எந்த லெட்டர்?"

"என்ன சார், மறந்துட்டீங்களா? மீன் மூலையை எடுக்கறதுக்குக் காலனிக்கு முழுச் சம்மதம்னு எழுதினோமே. நாப்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. மொதக் கையெழுத்தே உங்களோடதுதான!"

"என்னோடதா?"

பிறகு ஞாபகம் வந்தது. பில்டர் அனுப்பியது என்று வீட்டுக்கு வீடு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த அன்று, ஜெயராமன் சார் காகிதம் செருகிய ஓர் அட்டையை நீட்டினார். 'காலனிக்கு சிசிடிவி கேமரா, புது கேட் எல்லாம் போட்டுத் தராங்க சார், ஒரு கையெழுத்து' என்றார். சங்கத்திலிருந்து வரும் காகிதத்தை எங்கள் காலனியில் யாராவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமா? படித்தால் ஜெயராமன் சார் மேல் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா? இடது கையில் காஜு கத்லி, வலது கையில் பேனா. போட்டேன். கேமராவும் கேட்டும் முதல் பாரா. மீன் மூலை இரண்டாவது பாரா.

ஆக, அஞ்சலை அக்காவுக்காகப் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்பே அவரை எழுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்றும் மாறாது, எல்லாம் பணக்காரன் கையில் என்று இத்தனை நாள் புலம்பினேனே... அந்தக் கை ஒரு ஸ்வீட் பாக்ஸ் அளவுக்குத்தான் நீண்டது. மீதி தூரம் நானே நடந்து போயிருக்கிறேன்.

சங்கத்துக்கு நாலு வரி எழுதி ஜெயராமன் சார் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு முனைக்குப் போனேன். பேச ஆளில்லாமல் காலியாகிவிட்ட மூலையைத்தான் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அஞ்சலை அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார். நெத்திலியை ஆய்ந்துகொண்டு.

"இன்னா சார், மூஞ்சில பவுடர்லாம் போட்டுகினு ஷோக்கா இருந்தியாமே? எம் மருமவ போன்ல பாத்துட்டு சொன்னா."

"அக்கா... என்னை மன்னிச்சிடுங்க. கூட்டம்..."

"அத்த ஏன் கேக்குற! நான் போயி பாக்குறேன், முன்னாடி மூணு வரிசயும் காலி. உன் காலனிகாரங்க ஒருத்தரு இல்ல. பக்குனு ஆய்ட்ச்சு எனக்கு. அப்பாலதான் பாத்தேன், பின்னாடி அல்லாரும் நம்ம ஏரிக்கர லைன் வூட்டு ஜனம்."

ஏரிக்கரைத் தெருவில் வரிசையாக ஒற்றை அறை வாடகை வீடுகள். எங்கள் காலனிக்குச் சமைப்பவர்கள், காவல் இருப்பவர்கள், எங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் முருகேசன் எல்லோரும் குடியிருப்பது அங்கேதான். எல்லோருக்கும் இந்த வார்டில் ஓட்டு உண்டு. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இடம் கிடையாது. மீன் வாங்க வந்தபோது அஞ்சலை அக்கா ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னதால் அது எந்தப் பூங்கொத்துக்கு அடியிலும் புதையவில்லை.

அக்கா தொடர்ந்தார். "அந்த பில்டர் ஆளு டை கட்டிகினு வந்து குந்திகினு, போனு மேல போனு போட்டுகினே கீறான். 'காலனி லெட்டரு வருது, செகரெட்ரி வந்துகினே கீறாரு'ன்னு. எங்க வந்தாரு? போன எடுத்தாதான?"

"அப்புறம்?"

"கவுன்சிலர் எழுந்து, மீன்கட வாணாம்றவங்க கை தூக்குங்கன்னாரு. டை ஆளு தூக்குனாரு. உனுக்கு இந்த வார்டுல ஓட்டு கீதான்னு கேட்டாரு கவுன்சிலரு. கைய எறக்கிட்டாரு. இருக்கட்டும்றவங்க தூக்குங்கன்னாரு... யப்பா! நம்ம முருகேசன் ரெண்டு கையையும் தூக்கிட்டான் சார்."

அதோடு நிற்கவில்லையாம் முருகேசன். ஆர்ச்சுக்கு அடியில் மழைநீர்க் கால்வாயை மூடிவிட்டீர்களே, மழை வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டிருக்கிறான். டை கட்டியவர் யோசித்திருக்கிறார். கூட்டத்துக்கு வந்திருந்த மாநகராட்சி அதிகாரி அதைக் குறித்துக்கொண்டாராம். தினமும் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் ஒருவர் கூடக் கேட்காத கேள்வி அது.

மூலை இப்போதைக்கு அக்காவுக்குத்தான். இப்போதைக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்வீட் பாக்ஸ் மறுபடி வராது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் சொல்கிறேன், அன்று காலையில் அந்த மூலையில் நின்றபோது மனசு லேசாக இருந்தது. நான் தோற்ற இடத்தில் நல்லது ஒன்று தானாகவே ஜெயித்திருந்தது. என் உதவியே இல்லாமல். என் உதவி இல்லாததாலேயே!

கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் மீன் வாங்கியிருந்தால் தொண்டையில் முள் குத்தியிருக்கும். அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்குவதாக சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். காஜு கத்லியை வாபஸ் கொடுக்க வழியில்லை.

அக்கா கத்தியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"படிக்காம கையெழுத்து போட்டியா? எங்க குப்பத்துல கைநாட்டு வைக்கிற கெழவிகூட, இன்னா எழுதிகீதுன்னு நாலு பேராண்ட கேட்டுட்டுதான் வைக்கும் சார்."

பையை நீட்டினேன். நெத்திலியை நிறுத்துப் பையில் போட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.

"அடுத்த தபா கூட்டத்துல நிச்சயமா நான் வந்து பேசறேன் அக்கா" என்றேன்.

"வாணாம் சார்" என்றார் அவசரமாக. "அன்னிக்கும் நீ டிவிக்கே பூடு. அல்லாருக்கும் மறக்காம மெசேஜும் போட்டுடு!"