ஓடைப் பக்கம், ரோட்டுப் பக்கம்

எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் அத்தையிடம் திட்டு வாங்கியவர்கள். மாமா இறந்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு பழைய வெள்ளைக் கார். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக்கும் கிளட்சும் பொருத்தி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று பலகை மாட்டினாள். அலுவலகம் அப்பாவின் மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறை. சுவரில் சாலைக் குறிகளின் படம், உட்கார்ந்தால் முனகும் ஒரு பெஞ்ச், அவ்வளவுதான். கடைக்கு வெளியே நிற்கும் காருக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் தெரு முழுக்கக் கேட்கும்.

"ஸ்டீயரிங்கை எதுக்கு இப்படி இறுக்கிப் புடிக்கற? அது என்ன உன்ன விட்டுட்டு ஓடியா போயிடும்?"

பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, வாசலிலேயே ஏற இறங்கப் பார்த்தாள். "வந்துட்டியா? கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ. எத்தனை நாளைக்கு ஸ்டாண்டு போடப் போற?" என்றாள். பதில் சொல்வதற்குள் என்னைக் காரில் ஏற்றி ஊர் எல்லைக்குக் கூட்டிப் போனாள். ஒரு மண் ரோட்டின் ஓரத்தில் நிறுத்தி, "பாரு" என்றாள்.

பார்த்தேன். முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்த ஒரு புதர்க்காடு. என் தாத்தா சோளம் விதைத்த நிலம் அது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு மேலே மலைக்காடு, கீழே ஓடை. தாத்தாவுக்குப் பிறகு யாரும் உழவில்லை. அத்தையும் அவள் தம்பியான என் அப்பாவும் வாய்ப்பேச்சாகவே பங்கு பிரித்துக்கொண்டார்கள். ரோட்டுப் பக்கம் அவளுக்கு, ஓடைப் பக்கம் இவருக்கு. "அக்காவுக்கு ரோடு, எனக்குத் தவளை" என்று அப்பா இன்றுவரை புலம்புவார்.

அந்த மண் ரோட்டில் போக்குவரத்து கிடையாது என்பதால் ரிவர்ஸ் எடுக்கும் பாடம் எப்போதும் அங்கேதான். "ரிவர்ஸ் வராதவங்க புண்ணியம்" என்றாள் அத்தை. "அவங்க முழிச்சிக்கிட்டு நிக்கற நேரமெல்லாம் நான் ஜன்னல் வழியா இதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவள் பார்த்தது இது. முதலில் முள் வந்தது. முள்ளுக்குள் ஆடு வாய் வைக்க முடியாது. ஆகவே பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் அதற்குள் பத்திரமாக முளைத்தன. அத்தி வந்தது, நாவல் வந்தது, பெயர் தெரியாத என்னென்னவோ வந்தன. ஒருநாள் ரோட்டில் முள்ளம்பன்றியின் முள் கிடந்தது. இன்னொரு நாள் மரநாய் ஒன்று பட்டப்பகலில் காருக்கு முன்னால் சாவகாசமாகக் கடந்து போனது. மலையிலிருந்து ஓடைக்கு இறங்க அவற்றுக்கு வேறு வழி இல்லை. சுற்றிலும் எல்லாம் வீட்டுமனை ஆகிவிட்டது.

காட்டைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று இந்த மாதிரி நிலங்களைப் பதிவு செய்கிறது என்று அவளிடம் வண்டி கற்க வந்த ஒரு பெண் சொன்னாளாம். நிலம் நம் பெயரிலேயே இருக்கும். ஆனால் கட்டடம் கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, மனை பிரிக்கக்கூடாது. நமக்குப் பிறகு யார் கைக்குப் போனாலும் அதே கட்டுப்பாடுதான். ஒரே நிபந்தனை, அங்கே இருப்பவை தானாக முளைத்த, இந்த மண்ணுக்கே உரிய செடிகளாக இருக்க வேண்டும்.

அப்பா ஒரேயடியாக மறுக்கவில்லை. "அவங்க வந்து பார்த்து ஒத்துக்கிட்டா நானும் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா மழைக்கு முன்னாடி வித்துடணும். ரோடு இல்லாம என் பாதிய எவனும் சீண்ட மாட்டான், ரெண்டும் சேர்ந்துதான் போகணும். சரியாக்கா?"

"சரிடா. வாக்கு."

சங்கத்திலிருந்து ஆள் வரப்போகும் வாரம் அது. பயிற்சிப் பள்ளிக்கு இருபத்தைந்து வயதும் அந்த வாரம்தான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய பழைய மாணவரான பேக்கரிக்காரர் வந்து, "டீச்சர், நிலத்து வரைக்கும் கொஞ்சம் வாங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நானும் கூடப் போனேன்.

ரோட்டுப் பக்கம் மொட்டையாக இருந்தது.

டிராக்டரில் பூட்டும் வெட்டுமெஷினை வைத்துப் புதரைத் தரையோடு அறுத்திருந்தார்கள். அந்த வெட்டவெளியில் வரிசையாகக் குழி, குழிக்கு ஒரு குல்மோகர் கன்று, கன்றுக்கு ஒரு பலகை. பலகையில் நட்டவரின் பிள்ளையின் பெயர். ரிப்பன் கட்டி, பலூன் ஊதி, பழைய மாணவர்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆபீசருங்க பார்க்க வர்றாங்களாமே" என்றார் பேக்கரிக்காரர். "இடம் இப்படிப் புதர் மண்டிக் கிடந்தா நம்ம டீச்சரைப் பத்தி என்ன நினைப்பாங்க? அதான் ராவோட ராவா சுத்தம் பண்ணிட்டோம்."

அத்தை வாயைத் திறக்கவில்லை. அவள் வாயடைத்து நின்று அவர்களில் யாரும் பார்த்ததில்லை. மகிழ்ச்சியில்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"யாரு வெட்டினது?" என்றாள் ஒருவழியாக.

'மூணாவது கியர்' முன்னால் வந்தார். லாரி ஓட்டுகிறவர். நான்காவது கியரைப் பிடிக்கவே அவருக்கு ஒரு வருடம் ஆனதால் அந்தப் பெயர். "நான்தான் டீச்சர். ஓடைப் பக்கம் மட்டும் முடிக்கலை, மன்னிச்சுக்கோங்க. எல்லையில ஒரு குருவி உட்கார்ந்திருக்கு. மெஷினைக் கிட்டக் கொண்டுபோனாலும் எந்திரிக்க மாட்டேங்குது. முறைச்சிக்கிட்டே உட்கார்ந்திருக்கு. அது மேல ஏத்தவா முடியும்? அப்படியே நிறுத்திட்டு வந்துட்டேன்."

அவர் காட்டிய இடத்துக்குப் போனோம். எனக்கு முதலில் சருகுதான் தெரிந்தது. அப்புறம் சருகுக்கு ஒரு கண் முளைத்தது. பக்கிக் குருவி. கூடு கட்டாமல் வெறும் தரையில் முட்டையிட்டு அதன் மேல் அசையாமல் இருக்கும் பறவை. அத்தை தூரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மூணாவது கியரு, நீ என்கிட்ட வந்து சேர்ந்ததுலேர்ந்து ஒழுங்கா பிரேக் போட்டது இன்னிக்குத்தான்" என்றாள்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அந்த முள்ளுக்காகத்தான் ஆள் வருகிறார்கள் என்பதையும், குல்மோகர் இந்த மண்ணுக்கு விருந்தாளி என்பதையும், அப்பாவிடம் கொடுத்த வாக்கையும். பேக்கரிக்காரரின் முகம் ஊதிய பலூனில் காற்று போனதுபோல் ஆனது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் டீச்சர்..."

"தெரியும்டா. அதனாலதான் திட்டக்கூட முடியல. வாய் நிறைய திட்டு வச்சுக்கிட்டு முழுங்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு கன்றுகளைப் பிடுங்கும் வேலை தொடங்கியது. ஒரு தையல்காரப் பெண் மட்டும், "என் பொண்ணு பேரு போட்டது டீச்சர், இது ஒன்னு இருக்கட்டுமே" என்று கெஞ்சினாள். "ஆஸ்பத்திரி வாசல்ல நடு. வெயில்ல நிக்கறவங்களுக்கு நிழலாவது ஆகும். நானே தண்ணி ஊத்தறேன்" என்றாள் அத்தை. சாயங்காலத்துக்குள் கன்றுகள் எல்லாம் ஆஸ்பத்திரி ரோட்டுக்குக் குடிபோயின.

சங்கத்துப் பெண் சேறு படிந்த பூட்ஸோடு வந்தார். ஓடைப் பக்கத்தில் வெகுநேரம் காணாமல் போனார். திரும்பியபோது உடையெல்லாம் ஒட்டுமுள், முகமெல்லாம் சிரிப்பு. ரோட்டுப் பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ஓடைப் பக்கத்தை இப்பவே எடுத்துக்கறோம்மா. அருமையான இடம். இந்தப் பாதியில இப்ப ஒன்னுமே இல்லியே. நல்லவேளை, உழலை. வேர் உயிரோட இருந்தா துளிர்க்கும். மழை முடிஞ்சு வந்து பார்க்கறேன்."

மழைக்கு முன்னால் விற்பது என்பதுதான் பேச்சு. அன்று மாலை அப்பா மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது அத்தை கல்லாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"தம்பி, மாத்திக்கலாமா? ரோட்டுப் பக்கத்தை நீ எடுத்துக்கோ. வித்துக்கோ. ஓடைப் பக்கத்தை எனக்குக் குடுத்துடு, நான் சங்கத்துல பதிஞ்சுக்கறேன்."

தள்ளாத காலத்துக்கு என்று அவளிடம் இருந்ததே அந்த ரோட்டுப் பக்கம் ஒன்றுதான்.

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷம் மாத்திக்கலாம் மாத்திக்கலாம்னு நான் கெஞ்சினப்ப காதுலயே போட்டுக்கல. இப்ப அந்தம்மா வந்து அருமையான இடம்னு சொன்னதும் உனக்கு வேணுமா?"

"அதுக்கில்லடா..."

"எதுக்கில்ல? சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான். என் தட்டுல இருக்கறதுதான் உனக்கு ருசி."

மறுநாள் கடையைத் திறக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனார். அவர் பங்கை அவர் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. ஓடைக்குச் சாய்ந்து நின்ற அத்தியில் பறவைகள் சந்தை போலக் கத்திக்கொண்டிருந்தன. அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் ஓரத்து ஈர மண்ணில் பதிந்த சின்னச் சின்னக் காலடித் தடங்களைக் குனிந்து பார்த்தார். "இதெல்லாம் என்னோடதா?" என்றார், என்னிடமா தன்னிடமேவா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டே அத்தையிடம் சொன்னார்: "மாத்தறதா இல்லக்கா. என் பாதிய நானே குடுக்கறேன். ஏன், மருந்துக்கடைக்காரன் பேரைச் சங்கத்துல போட மாட்டாங்களா?"

"அப்ப என் பாதி? மழைக்கு முன்னாடின்னு வாக்கு..."

"உன்கிட்ட டெஸ்ட்ல ஃபெயிலானவங்களை நீ வீட்டுக்கா அனுப்பிட்ட? திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போகல? இதுவும் இன்னொரு தடவை டெஸ்டுக்குப் போகட்டும்."

அத்தை எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மழை பெய்தது. மாணவர்கள் ரோட்டோரமாகக் கயிறு கட்டி யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். வேறொன்றும் செய்யக்கூடாது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய தண்டனை. பக்கிக் குஞ்சுகள் எப்போது பறந்தன என்று யாருக்கும் தெரியாது. அறுபட்ட தூர்களிலிருந்து முதலில் முள்தான் துளிர்த்தது. பிறகு முள்ளுக்கு நடுவே செம்பு நிறத்தில் அத்தித் துளிர்.

மழை முடிந்து சங்கத்துப் பெண் வந்தார். அத்தை ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவள் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "வேர் பிழைச்சிருச்சும்மா" என்றார் அவர். "இப்படியே விட்டீங்கன்னா அடுத்த வருஷம் இதையும் சேர்த்துக்கலாம்."

அப்பா தன் எல்லையில் நின்றுகொண்டு நிலக்கிழார் தோரணையில் பார்வையிட்டார். "பரவாயில்லக்கா, தேறிடும். வேணும்னா என் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் விதை தர்றேன்."

"நீ ஒன்னும் தர வேணாம், போடா" என்றாள் அத்தை. "உன் மரத்துல தின்னுட்டு என் பக்கம் வந்துதான் எச்சம் போடுது எல்லாம்."